வருகைப் பதிவேட்டில் ஓர் அரை நாள்

சென்ற மாதம் கணக்குத் தணிக்கைக்காகப் பழைய வருகைப் பதிவேடுகளைத் தூசி தட்டி எடுத்தபோது, ஒரு திங்கட்கிழமைக்கு எதிரே என் கையெழுத்தில், சிவப்பு மையில், 'அரை நாள் விடுப்பு' என்று எழுதியிருந்ததை மறுபடியும் பார்த்தேன். எழுதிய நாளில் அதில் எந்தத் தவறும் எனக்குத் தோன்றவில்லை. காலை 11 மணிக்கு ஒருவர் அலுவலகத்தை விட்டு இறங்கிப் போனார், மாலை வரை திரும்பவில்லை, விதிப்படி குறித்தேன். ஆனால் இத்தனை ஆண்டுப் பணியில் நான் எழுதியவற்றுள் எது உன்னைத் தூங்கவிடாமல் செய்தது என்று யாராவது கேட்டால், அந்த மூன்று சொற்களைத்தான் காட்டுவேன்.

தக்கலைக்குப் பக்கத்தில், குழந்தைகள் மீதான வன்முறையைத் தடுக்கப் பாடுபடும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தில் நான் ஒருங்கிணைப்பாளராக இருக்கிறேன். ஓட்டுநரையும் கணக்கரையும் சேர்த்து 9 பேர். பள்ளிகளில் வகுப்பு எடுப்போம், ஞாயிறு மறைக்கல்விக்கு வரும் பிள்ளைகளிடமும் மகளிர் குழுக்களிடமும் முந்திரி ஆலைப் பெண்களிடமும் பேசுவோம். பாதிக்கப்பட்ட பிள்ளையோடு காவல் நிலையம், மருத்துவமனை, குழந்தைகள் நலக் குழு, நாகர்கோவில் நீதிமன்றம் என்று எல்லா இடங்களுக்கும் துணையாகப் போவோம். அன்று எழுந்து போனவர் எங்கள் களப்பணியாளர்களில் ஒருவர், கடற்கரைக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். இந்தக் கட்டுரையை முதலில் வாசித்தவரும் அவர்தான். இரண்டு பத்திகளை அடித்துவிட்டார். அவற்றில் என்ன இருந்தது என்பதைக் குறிப்பாகக்கூட நான் சொல்லப் போவதில்லை. ஒன்றைச் சேர்க்கச் சொன்னார். அதைக் கடைசியில் சேர்த்திருக்கிறேன்.

திங்கட்கிழமைக் கூட்டம்

ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலை 10 மணிக்கு எல்லோரும் கூடுவோம். முந்தைய வாரம் வந்த புகார்களைக் கோப்பிலிருந்து நான் வாசிப்பேன். பிள்ளையின் வயது, வகுப்பு, ஊர், என்ன நடந்தது, யார் செய்தது, எங்கே, எத்தனை முறை என்று அனைத்தையும், பிள்ளை சொன்ன சொற்களிலேயே வாசிப்பேன். அப்படி வாசிப்பதுதான் நேர்மை என்று மனமார நம்பினேன். ஊர் இந்தப் பிள்ளைகளின் பேச்சை அமுக்குகிறது. 'வெளிய தெரிஞ்சா நாளைக்கு ஒரு கல்யாணம் நடக்குமா' என்று தாயின் வாயை அடைக்கிறது. பெரியவர்கள் கூடிச் சமாதானம் பேசி அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் அறைக்குள்ளாவது எதையும் மறைக்காமல் உரக்கச் சொல்ல வேண்டும் என்பது என் எண்ணமாக இருந்தது. அந்த எண்ணத்தில் இருந்த கோபத்தை இன்றும் நான் மதிக்கிறேன். அந்தக் கோபத்தை யார் காதில் கொட்டினேன் என்பதைத்தான் அப்போது யோசிக்கவில்லை.

அன்று வாசித்துக்கொண்டிருந்த கோப்பின் மூன்றாம் பக்கத்தில் அவர் எழுந்தார். "அக்கா, நான் கொஞ்சம் வெளிய போயிட்டு வாறேன்" என்றார். தலையை அசைத்துவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தேன். அந்தப் பக்கத்தை ஒரு சொல் விடாமல் வாசித்து முடித்தேன்.

மறுநாள் வந்தவரிடம், "என்ன மக்ளே, சுகமில்லியா?" என்று கேட்டேன். தலைவலி என்றார். சரி என்று விட்டுவிட்டேன். ஒரு பிள்ளை அடிக்கடி தலைவலி, வயிற்றுவலி என்று சொல்லி வகுப்பை விட்டுப் போனால் அதன் பின்னால் வேறொன்று இருக்கலாம், அருகில் உட்கார்ந்து பொறுமையாகக் கேளுங்கள் என்று மாவட்டம் முழுவதும் ஆசிரியர்களிடம் சொல்லித் திரிந்தவள் நான்.

நாகர்கோவிலிலிருந்து திரும்பிய பேருந்து

மூன்று வாரங்கள் கழித்து, சிறப்பு நீதிமன்றத்தில் ஒரு சிறுமியின் சாட்சியம் இருந்தது. துணை நபராக அவர் அந்தப் பிள்ளையோடு உள்ளே இருந்தார். நான் வெளியே காத்திருந்தேன். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றி எனக்குச் சில மனக்குறைகள் உண்டு. ஆனால் பிள்ளை பேசும் நேரத்தைப் பற்றி அது எழுதியிருப்பது மிகுந்த கரிசனத்தோடு எழுதியது. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ பிள்ளை விரும்பும் இடத்திலோ பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்பவர் கூடுமானவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருக்க வேண்டும். சீருடையில் வரக் கூடாது. பிள்ளை நம்பும் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் கேள்விகள் நீதிபதி வழியாகத்தான் பிள்ளையிடம் போக வேண்டும். இடையிடையே ஓய்வு தர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளையின் கண்ணில் படக் கூடாது. சாட்சியம் சொல்லத் திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது. அன்று இவையெல்லாம் ஒழுங்காகவே நடந்தன. பிள்ளை இரண்டு முறை தண்ணீர் கேட்டது, கொடுத்தார்கள். முடித்துவிட்டு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது.

திரும்பும் பேருந்தில் நாங்கள் இருவரும் அருகருகே உட்கார்ந்திருந்தோம். பார்வதிபுரம் தாண்டும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. வில்லுக்குறி வருவதற்குள், சன்னலைப் பார்த்தபடியே கேட்டார்: "அந்தப் பிள்ள கோர்ட்டுல ஒரு தடவதான் சொல்லிச்சு. நம்ம ஆபீசுல எத்தன தடவ சொல்லியிருப்போம் அக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. அவரே தொடர்ந்தார். சுனாமி வந்த 2004-இல் அவர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார். ஊருக்கு உதவி செய்ய வந்த ஒவ்வொரு குழுவும் பிள்ளைகளை உட்காரவைத்து வண்ணப் பென்சில் கொடுத்து அலையை வரையச் சொல்லியிருக்கிறது. "எனக்கு நல்லா வரைய வரும்னு எல்லாரும் சொன்னாங்க. நான் எத்தன அலை வரைஞ்சிருப்பேன் தெரியுமா?" என்றார். வந்தவர்கள் நல்லவர்கள்தான் என்றும் சொன்னார். ஒவ்வொரு குழுவும் ஒரு தடவைதான் கேட்டது. அவர்தான் ஒவ்வொரு தடவையும் வரைந்தார். 2017-இல் ஓகிப் புயல் ஆழ்கடலுக்குப் போனவர்களைக் கொண்டுபோன பிறகு, தூத்தூர்ப் பக்கத்து வீடுகளில் காத்திருந்த பெண்களிடம் படிவங்களோடு போன கூட்டத்தில் நானும் இருந்தேன். 'கடைசியாக அவர் உங்களிடம் என்ன பேசினார்' என்று ஒரு கேள்வி அந்தப் படிவத்தில் இருந்தது. அதற்கான கட்டத்தில் நான் எழுதிய பதில்கள் எனக்கு அந்தப் பேருந்தில் வரிவரியாக நினைவுக்கு வந்தன.

அன்று இரவு உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அந்தச் சிறுமி நடந்ததைச் சொன்னது 7 பேரிடம்: வகுப்பு ஆசிரியை, தாய், எங்கள் பணியாளர், பெண் காவல் அதிகாரி, மருத்துவர், நீதித்துறை நடுவர், சிறப்பு நீதிமன்ற நீதிபதி. இதுவே ஒரு பிள்ளைக்கு மிக அதிகம். நாங்கள் சொன்னது எத்தனை முறை? மூன்று திங்கட்கிழமைகள். நிதி தருபவர்களுக்கான காலாண்டு அறிக்கை. ஆண்டறிக்கையில் பெயர் மாற்றி ஒரு பெட்டிச் செய்தி. ஆசிரியர் பயிற்சியில் 'ஓர் உண்மைச் சம்பவம்' என்று நானே பல முறை. 11 வரை எண்ணிவிட்டு நிறுத்திக்கொண்டேன். பெயரை மாற்றிவிட்டோம் என்பதால் அது அந்தப் பிள்ளைக்குச் சொந்தமானது அல்ல என்று ஆகிவிடுமா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அதோடு, அவற்றில் வாய்விட்டுச் சொன்னபோதெல்லாம் பேருந்தில் என் அருகில் இருந்த பணியாளரும் அதே அறையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

எங்களையும் சேர்த்து

மத்திய அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு எங்கள் துறையில் எல்லோருக்கும் மனப்பாடம். 13 மாநிலங்களில் 12,447 பிள்ளைகளிடம் கேட்டதில், 53.22 சதவீதம் பேர் ஏதேனும் ஒரு வகைப் பாலியல் துன்புறுத்தலுக்கு ஆளானதாகச் சொன்னார்கள். அந்த எண்ணை நாங்கள் பதாகையில் அச்சிட்டுப் பள்ளி பள்ளியாகக் கட்டினோம். ஆனால் அப்படிப்பட்ட பிள்ளைகள் வளர்கிறார்கள், படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், அவர்களில் சிலர் தமக்கு நடந்தது இன்னொரு பிள்ளைக்கு நடக்கக் கூடாது என்று எங்களைப் போன்ற இடங்களுக்கே வந்து சேர்கிறார்கள் என்பது எங்களுக்குத் தோன்றவே இல்லை. பதாகையைக் கட்டும் கைகளுக்கு உரியவரும் அந்த எண்ணுக்குள் இருக்கக்கூடும். யார் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை. கேட்காமலே, இருக்கக்கூடும் என்று வைத்து நடந்துகொள்ள வேண்டியது என் கடமை.

பிறர் பட்ட கொடுமையைத் தொடர்ந்து கேட்பவரின் உள்ளமும் மாறிப்போகிறது என்பதை உளவியலாளர்கள் லிசா மெக்கானும் லாரி ஆன் பெர்ல்மனும் 1990-இலேயே எழுதிவிட்டார்கள். மனநலத்துக்கான அமெரிக்க அரசின் சாம்சா நிறுவனம், கொடுமையால் மனம் காயப்பட்டவர்களை அணுகுவது பற்றி 2014-இல் வெளியிட்ட வழிகாட்டியில், பாதுகாப்பு, நம்பகம், சக மனிதரின் துணை, கூடிச் செயல்படுதல், ஒருவரின் குரலுக்கும் விருப்பத்துக்கும் இடம் தருதல், பண்பாட்டையும் பாலினத்தையும் வரலாற்றையும் கருத்தில் கொள்ளுதல் என்ற 6 கொள்கைகள் வருகின்றன. இந்த ஆறையும் ஒரு பயிற்சியில் படித்துக் குறிப்பெடுத்து வந்தவள் நான். உதவி பெறுபவருக்கும் உதவி செய்பவருக்கும் சேர்த்துத்தான் அவை எழுதப்பட்டிருக்கின்றன. நான் பாதியை மட்டும் குறித்துக்கொண்டு வந்திருந்தேன்.

இப்படி மனம் காயப்படுவதற்கு உளக்காயம் என்ற சொல்லை நாங்கள் பயிற்சிகளில் பயன்படுத்துகிறோம். நல்ல சொல்தான். ஆனால் எங்கள் பெண்கள் யாரும் அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. 'உள்ளுக்குள்ள பதறுது', 'ஈரக்குல நடுங்குது' என்பார்கள். அந்தச் சொற்கள் அலுவலகத்தில் எத்தனையோ முறை என் காதில் விழுந்தவைதாம். விடுப்பு விண்ணப்பத்தில் எழுத முடியாத சொற்கள் என்பதால் அவற்றை நான் செய்தியாக எடுத்துக்கொள்ளவில்லை.

சார் கேட்ட கேள்வி

எங்கள் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், எல்லோருக்கும் சார். திங்கட்கிழமைக் கூட்டத்தை மாற்ற வேண்டும் என்று நான் சொன்னபோது அமைதியாகக் கேட்டார். பிறகு, "எம்மா, நாம இத பிள்ளைகளுக்காகத்தான் தொடங்கினோம். ராத்திரி பன்னெண்டு மணிக்கு போன் வந்தா, எனக்கு மனசு சரியில்லன்னு சொல்ல முடியுமா?" என்று கேட்டார். மழையிலும் புயலிலும் சைக்கிளில் போய்ப் பிள்ளைகளைப் பார்த்தவர் கேட்ட கேள்வி அது. எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. பல மாதங்கள் அது என்னோடு கிடந்தது.

எனக்குக் கிடைத்த பதில் எங்கள் கோப்புகளிலேயே இருந்தது. அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் மூன்று பணியாளர்கள் வேலையை விட்டிருந்தார்கள். கல்யாணம், வெளிநாடு, வீட்டில் ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணங்கள் சொன்னார்கள். நாங்களும் கேக் வெட்டி வழியனுப்பினோம். விசாரணையைக் கூடுமானவரை ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொன்னாலும் வழக்குகள் பல ஆண்டுகள் இழுக்கின்றன. எட்டு வயதில் எங்கள் பணியாளரின் கையைப் பிடித்த பிள்ளை பத்து வயதில் திரும்பிப் பார்த்தால் அங்கே வேறொருவர் நிற்கிறார். புதியவர் முதலில் செய்வது என்ன? 'என்னிடம் சொல்லு மக்ளே' என்பதுதான். எங்கள் ஆட்கள் உடைந்து போனால், பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. இதைச் சாரிடம் சொன்னபோது அவர் ஒரு பிள்ளையின் பெயரைச் சொன்னார். அந்தப் பிள்ளைக்கு நான்கு முகங்கள் மாறியிருந்தன. அதன் பிறகு அவர் எதிர்க்கவில்லை.

ஆனால் சாரின் அச்சத்தில் ஓர் உண்மை இருந்தது என்பதையும் எழுதிவிட வேண்டும். எல்லாவற்றையும் அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட முடியாது. போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி, குற்றம் நடந்ததாகத் தெரிந்த எவரும் காவல் துறையிடம் தெரிவித்தே ஆக வேண்டும். தெரிவிக்காமல் விடுவது தண்டனைக்குரியது. பிள்ளை வேண்டாம் என்று அழுதாலும் தெரிவிக்கத்தான் வேண்டும். விருப்பத்துக்கு இடம் கொடு என்ற கொள்கை இந்த இடத்தில் வந்து சுவரில் முட்டுகிறது. முன்பு நாங்கள் இதை ஒரு பொய்யால் கடந்தோம். 'அக்கா யாருகிட்டயும் சொல்ல மாட்டேன், நீ சொல்லு' என்போம், பிள்ளை சொல்லும், மறுநாள் வீட்டு வாசலில் ஆட்கள் நிற்பார்கள். நம்பிக்கைத் துரோகத்தால் காயம்பட்ட பிள்ளைக்கு நாங்கள் செய்த முதல் காரியம் இன்னொரு நம்பிக்கைத் துரோகம். இப்போது பிள்ளை பேசத் தொடங்குவதற்கு முன்பே சொல்லிவிடுகிறோம்: "நீ சொல்லுறத உன்ன பாதுகாக்க வேண்டியவங்ககிட்ட நான் சொல்லியாகணும். யாருகிட்ட, எப்ப சொல்லப் போறேன்னு உன்கிட்ட முதல்ல சொல்லுவேன்." இப்படிச் சொன்னால் பிள்ளைகள் வாயைத் திறக்கவே மாட்டார்கள் என்று பயந்தோம். சிலர் அன்று பேசாமல் போனது உண்மை. அவர்களில் சிலர் பிறகு தாங்களாகவே வந்து, யாரிடமெல்லாம் சொல்வீர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு பேசினார்கள். மற்றவர்களை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

மாற்றியதும் முடியாததும்

திங்கட்கிழமைக் கூட்டம் இப்போதும் நடக்கிறது. பிள்ளை சொன்ன சொற்கள் அந்த அறைக்குள் வருவதில்லை. அடுத்து என்ன செய்ய வேண்டும், யார் செய்ய வேண்டும், எந்தத் தேதிக்குள் என்பதை மட்டும் பேசுகிறோம். முழுக் கோப்பு பூட்டிய அலமாரியில் இருக்கிறது. அந்தப் பிள்ளையோடு போகிறவரும் நானும் மட்டும் எடுக்கலாம். கடினமான ஒன்றை ஒருவரிடம் சொல்ல வேண்டியிருந்தால், 'இப்ப கேக்க முடியுமா?' என்று முதலில் கேட்கிறோம். முடியாது என்று சொல்ல ஆரம்பத்தில் யாருக்கும் வாய் வரவில்லை. முதன்முதலில் அப்படிச் சொன்னவர் எங்கள் ஓட்டுநர். மருத்துவமனை வாசல்களில் காத்திருந்து, வரும் வழியெல்லாம் பின்னிருக்கையின் அழுகையைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டியவரை நாங்கள் ஒருநாளும் கேட்பவர்களின் கணக்கில் சேர்த்ததில்லை. நீதிமன்றத்துக்கு இப்போது ஒருவர் தனியாகப் போவதில்லை. போய் வந்தவருக்கு மறுநாள் களப்பணி கிடையாது. அந்த மறுநாள் பதிவேட்டில் வேலை நாளாகத்தான் குறிக்கப்படுகிறது.

வண்டியிலிருந்து நிறுவனத்தின் பெயர்ப்பலகையை எடுத்துவிட்டோம். வீட்டுக்கு வீடு எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்த ஊர்கள் எங்களுடையவை. அந்தப் பலகையோடு வண்டி ஒரு வாசலில் பத்து நிமிடம் நின்றால் போதும், மாலை செபத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். இதை எத்தனையோ தாய்மார்கள் சொல்லியிருந்தார்கள். பலகை வைப்பது நிதி தருபவரின் நிபந்தனை என்று நாங்கள் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம்.

பள்ளி வகுப்பில் செய்த மாற்றம் சிறியது, ஆனால் எனக்கு அதுவே பெரிதாகத் தோன்றுகிறது. 'வேண்டாம்னு சத்தமாச் சொல்லு, அங்கிருந்து ஓடு, நம்பிக்கையானவங்ககிட்ட சொல்லு' என்று பல ஆண்டுகள் கற்றுத் தந்தோம். பேருந்தில் பேசிய நாளுக்குப் பிறகு ஒருமுறை அவர் கேட்டார்: கத்த முடியாத பிள்ளைக்கு இந்த வகுப்பு என்ன சொல்கிறது? அச்சத்தில் உடல் விறைத்துப்போவதும் குரல் எழாமல் போவதும் உடல் தானாகச் செய்வது, பிள்ளை முடிவெடுத்துச் செய்வது இல்லை. அப்படி விறைத்துப்போன பிள்ளை எங்கள் வகுப்பில் உட்கார்ந்து, நான் கத்தியிருக்க வேண்டும், ஓடியிருக்க வேண்டும் என்றுதான் கற்றுக்கொண்டிருக்கும். இப்போது ஒவ்வொரு வகுப்பிலும் இதைச் சொல்லாமல் முடிப்பதில்லை: "கத்த முடியாம போனாலும், ஓட முடியாம போனாலும், அது உன் தப்பு இல்ல. எத்தன நாள் கழிச்சு வந்து சொன்னாலும் நாங்க கேப்போம்." 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பலகையில் எழுதுவது அதற்குப் பிறகுதான்.

முடியாதவையும் இருக்கின்றன. எங்கள் பணியாளர்களின் சம்பளம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும் திட்ட நிதியில் வருகிறது. மார்ச் மாதம் நெருங்கினால் எல்லோர் முகத்திலும் ஒரே கேள்வி. அடுத்த மாதம் வேலை இருக்குமா என்று தெரியாதவரிடம் பாதுகாப்பு உணர்வைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஒரு நிதி நிறுவனம், பயனடைந்த குழந்தையின் கதையைப் படத்தோடு கேட்டது. முகத்தை மறைத்துத் தந்தால் போதும் என்றது. நாங்கள் எண்ணிக்கைகளையும் செய்த பணிகளையும் மட்டும் எழுதி அனுப்பினோம். மறு ஆண்டு அந்த நிதி வரவில்லை. காரணம் எதுவும் அவர்கள் சொல்லவில்லை. அந்த ஆண்டு எங்களில் ஒருவருக்குப் பாதிச் சம்பளம்தான் கொடுக்க முடிந்தது. அவர் இதை முழு மனத்தோடு ஏற்றுக்கொண்டார் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

தணிக்கைக்குக் கொடுப்பதற்கு முன் அந்தப் பதிவேட்டை, அன்று கூட்டத்திலிருந்து எழுந்து போனவரிடம் காட்டினேன். திருத்திக் கையொப்பம் இட்டுவிடட்டுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அது அப்படியே இருக்கட்டும் அக்கா" என்றார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

அவர் சேர்க்கச் சொன்னது இது. அன்று அலுவலகத்தை விட்டு இறங்கியவர் எதிர்ப்புறம் இருந்த சாயாக்கடைக்குப் போயிருக்கிறார். கடைக்கார அம்மா எதுவும் கேட்கவில்லை. ஒரு சாயா போட்டுக் கொடுத்து, உள்ளே பாத்திரம் கழுவும் இடத்துக்குப் பக்கத்தில், ரோட்டிலிருந்து பார்த்தால் முகம் தெரியாதபடி ஒரு ஸ்டூலை நகர்த்திப் போட்டிருக்கிறார். ஓடிக்கொண்டிருந்த ரேடியோவின் சத்தத்தைக் குறைத்திருக்கிறார். மத்தியானம் வரை யாரையும் அந்தப் பக்கம் விடவில்லை. குளச்சல் பேருந்து வரும் நேரம் ஆனதும் வந்து நின்று, "மக்ளே, உனக்க பஸ்சு வருது" என்றிருக்கிறார். காசு வாங்கவில்லை.

"அவங்களுக்கு இது ஞாபகமே இருக்காது அக்கா. ஆனா இத எழுதுங்க" என்றார்.